குரோசே ரிப்பன் பூ

குரோசே ரிப்பன் பூ என்பது, முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செய்யப்படும் சிறிய அலங்காரப் பொருள் ஆகும். ரிப்பனை முடியும்போது இருபுறமும் இதழ்போல விரிந்து நடுவில் இறுகி நிற்கும் வடிவத்தை இது ஒத்திருக்கும். தலைமுடிக் கிளிப்பு, ரப்பர் வளையம், கைப்பை, பரிசுப் பொதி, வாசல் தோரணம் முதலியவற்றில் இதைப் பொருத்துவர்.

ஒரு பூவுக்குச் சில மீட்டர் நூலே போதும். ஆகவே பெரிய பின்னல் வேலைகள் முடிந்தபின் எஞ்சும் மிச்ச நூலைக் கொண்டே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. குரோசே பின்னலின் அடிப்படைக் கண்ணிகள் சிலவற்றை மட்டும் அறிந்தவரும் ஒரே அமர்வில் இதைச் செய்து முடிக்கலாம். மூலப்பொருளின் செலவு மிகக் குறைவு என்பதால், இதன் மதிப்பு ஏறத்தாழ முழுவதும் செய்பவரின் கை உழைப்பிலேயே உள்ளது. கைவினைப் பொருள்களின் விலையும் கூலியும் எவ்வாறு அமைகின்றன என்பதை விளக்க இச்சிறு பொருள் நல்ல எடுத்துக்காட்டாகும்.

பெயர்

குரோசே என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல்லாகும். தமிழ்நாட்டில் இது குரோசே, குரோசா, குரோஷா என்று பலவாறாக ஒலிக்கப்படுகிறது. கொக்கிப் பின்னல் என்று தமிழாக்கி வழங்குவோரும் உளர். ஆங்கிலத்தில் 'போ' எனப்படும் முடிச்சு வடிவமே இக்கட்டுரையில் ரிப்பன் பூ என்று குறிக்கப்படுகிறது. இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டி, ரிப்பனைப் பூப்போல விரித்து முடிவது தமிழ்நாட்டுப் பள்ளி மாணவியரிடம் நெடுங்காலமாகக் காணப்படும் வழக்கமாகும்.

பேச்சு வழக்கில் பின்னல் நூல்கள் அனைத்தையும் உல்லன் நூல் என்றே கூறுவர். ஆனால் கடைகளில் அப்பெயரில் விற்கப்படும் நூல்களுள் பெரும்பாலானவை ஆட்டு ரோமத்தால் ஆனவை அல்ல; அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆனவை.

அமைப்பு

நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கிட்டுத் துணியாகின்றன. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே வேளையில் ஊசியில் திறந்த நிலையில் இருக்கும். குரோசே பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் முடிக்கப்பட்ட பின்னரே அடுத்த கண்ணி தொடங்கப்படுகிறது. எனவே எந்நேரத்திலும் ஊசியில் எஞ்சி நிற்பது பொதுவாக ஒரே ஒரு திறந்த கண்ணிதான்.

இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, வேலையை எந்த இடத்திலும் நிறுத்தி, கண்ணியைச் சற்று நீட்டி விட்டு வைத்துவிட்டு, பிறகு தொடரலாம். இரண்டாவது, தவறு நேர்ந்தால் நூலை இழுத்துப் பிரித்து, அதே நூலைக் கொண்டு மீண்டும் பின்னலாம். முனை வெட்டி முடிக்கப்படாத வரையில் நூல் வீணாவதில்லை. பயில்வோருக்கு மிச்ச நூல் ஏற்றதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வரலாறு

குரோசே பின்னலின் தொடக்கம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. அச்சில் கிடைக்கும் மிகப் பழைய செய்முறைகளாக 1823 ஆம் ஆண்டு பெனலோப்பே என்னும் டச்சு இதழில் வெளியானவை குறிப்பிடப்படுகின்றன. துணியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் இடும் கலை ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது என்றும், பின்னர் துணியை விலக்கிவிட்டுச் சங்கிலியை மட்டும் பின்னியதால் குரோசே உருவானது என்றும் ஒரு கருத்து உண்டு. தமிழ்நாட்டில் இன்று மணப்பெண்களின் இரவிக்கைகளில் பரவலாகக் காணப்படும் ஆரி வேலை, துணிமேல் இடப்படும் அத்தகைய கொக்கித் தையலே ஆகும். ஆரி ஊசியையும் குரோசே ஊசியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவற்றின் ஒற்றுமை விளங்கும்.

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் பெரும் பஞ்சம் ஏற்பட்டபோது, கிறித்தவக் கன்னியர் மடங்கள் வழியாகப் பெண்களுக்குக் குரோசே சரிகைப் பின்னல் கற்பிக்கப்பட்டது. சிறிய ஊசியும் கொஞ்சம் பருத்தி நூலும் இருந்தால் தொடங்கக்கூடிய தொழிலாக இருந்தமையால் அது விரைந்து பரவியது. பூக்களையும் இலைகளையும் தனித்தனியே பின்னிப் பிறகு ஒன்றாக இணைப்பது ஐரிஷ் குரோசேயின் சிறப்பாகும்.

இந்தியாவில் குரோசே தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம் ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரிப் படுகையில் உள்ள நரசாபுரம் ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் கிறித்தவச் சமயப் பணியாளர்கள் வழியாக அங்குப் பரவிய இத்தொழில், பின்னர் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. நரசாபுரம் குரோசே சரிகைப் பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

தென் தமிழகத்திலும் அதே நூற்றாண்டில் சரிகைப் பின்னல் அறிமுகமானது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவருடைய மகளும் இராபர்ட் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா கால்டுவெல்லும் பெண்களுக்கு இதனைக் கற்பித்தனர். ஆயினும் அது திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் வேறு வகைப் பின்னல் ஆகும். இரண்டும் சரிகை என்றே அழைக்கப்படுவதால் அவற்றை ஒன்றெனக் கருதிவிடலாகாது.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் குரோசே மீது மக்களின் கவனம் திரும்பக் காரணமான நிகழ்வுகளுள் ஒன்று சென்னையில் நடைபெற்றது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோசே குவீன்ஸ் என்னும் குழுவினர், 2016 சனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோசே போர்வையைக் காட்சிப்படுத்திக் கின்னஸ் உலக சாதனை படைத்தனர். பலர் தத்தம் வீடுகளில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து அப்போர்வை உருவாக்கப்பட்டது. சிறு துண்டுகளைத் தனித்தனியே செய்து பிறகு இணைக்கலாம் என்னும் குரோசேயின் இயல்பே இதற்கு வழி வகுத்தது.

மதுரை வட்டாரமும் நூலும்

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கில் அமைந்துள்ள பேரையூர் வட்டாரம், பருத்தி விளையும் கரிசல் நிலங்களைக் கொண்டது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி நிறுவனத்தார் பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆகிய இடங்களில் நூற்பாலைகளை நிறுவினர். மதுரை மில்ஸ் நிறுவனம் 1974 ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் தோன்றிய ஜே அண்ட் பி கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. பூத்தையல் செய்வோரிடம் ஆங்கர் நூல் என்று பெயர்பெற்ற வணிகப் பெயர் கோட்ஸ் நிறுவனத்துடன் தொடர்புடையதாகும்.

பேரையூர் வட்டத்தில் உள்ள டி. கல்லுப்பட்டியில் 1940 ஆம் ஆண்டு காந்தி நிகேதன் ஆசிரமம் நிறுவப்பட்டது. கோ. வேங்கடாசலபதி இதனை நிறுவினார். கதரும் கிராமக் கைத்தொழிலும் இதன் முதன்மைப் பணிகளாக இருந்தன. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை இங்குக் கழித்தார். 1960 சனவரி 30 அன்று மறைந்தார். ஒரு பொருளின் மதிப்பை அதன் சந்தை விலையால் மட்டும் அளக்கலாகாது, அதை ஆக்கியவரின் வாழ்வையும் இயற்கையிலிருந்து எடுத்துக்கொண்டதையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது அவருடைய பொருளியல் சிந்தனையின் சாரமாகும். அவர் எழுதியது குரோசே பற்றி அன்று. எனினும் மிச்ச நூலில் செய்யப்படும் ஒரு பொருளின் விலையை ஆராயும்போது இக்கருத்து பொருத்தமுடையதாகிறது. இது கீழே உழைப்பும் விலையும் என்னும் பகுதியில் விளக்கப்படுகிறது.

தேவையான பொருள்கள்

நூல்

ஒரு பூவின் இதழ்களுக்கு ஒரே தடிமன் உள்ள நூலைப் பயன்படுத்துவது நல்லது. மெல்லிய நூலாக இருப்பின் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பின்னலாம். அவ்வாறு செய்யும்போது தேவைப்படும் நூலின் மொத்த நீளம் இரு மடங்காகும்.

மிச்ச நூலில் பெரும்பாலும் மேலுறை இருப்பதில்லை. எனவே அது என்ன இழை என்று கண்டறிய வேண்டியிருக்கும். சிறு துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, பெரியவர்களின் மேற்பார்வையில், தண்ணீர் அருகில் வைத்துக்கொண்டு எரித்துப் பார்ப்பது எளிய முறையாகும்.

பருத்தி: காகிதம் எரிவதுபோல் மணக்கும், மென்மையான சாம்பல் எஞ்சும்.
கம்பளி: முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும்.
அக்ரிலிக்: உருகி எரியும், ஆறியபின் கடினமான கருநிற உருண்டை எஞ்சும்.

சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிற நூல்களை வெள்ளை நூலுடன் சேர்க்கும் முன், சாயம் போகிறதா என்று ஒரு துண்டை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஊசி

குரோசே ஊசியின் அளவு அதன் தண்டின் விட்டத்தைக் கொண்டு மில்லிமீட்டரில் கூறப்படும். மெல்லிய பருத்தி நூலுக்கு 2 மி.மீ.க்கும் குறைவான எஃகு ஊசிகளும், உல்லன் நூலுக்கு 3 முதல் 5 மி.மீ. வரையான அலுமினிய அல்லது நெகிழி ஊசிகளும் பயன்படுகின்றன. குரோசே பருத்தி நூல் 10, 20, 40 என்று எண்ணிட்டு விற்கப்படும். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும்.

இவை தவிர, கத்தரிக்கோல், அளவு நாடா, நூல் முனைகளைச் செருகுவதற்கு மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தடித்த ஊசி ஆகியவையும் தேவை.

நூலின் அளவைக் கணித்தல்

கையில் உள்ள மிச்ச நூல் போதுமா என்பதே இவ்வேலையில் முதலில் எழும் வினா. நடுவில் நூல் தீர்ந்துவிட்டால் அதே நிறம் மீண்டும் கிடைக்காமற் போகலாம். இதனை இரண்டு படிகளில் கணிக்கலாம்.

முதற்படி, இருப்பைக் கணித்தல். ஒரு நூற்கண்டின் உறையில் 100 கிராம், 250 மீட்டர் என்று அச்சிடப்பட்டிருந்ததாகக் கொள்வோம். அதாவது ஒரு கிராமுக்கு 2.5 மீட்டர். எஞ்சிய நூலை மின்னணுத் தராசில் நிறுத்தால் 4 கிராம் இருப்பின், அதன் நீளம் 10 மீட்டர் ஆகும். உறை தொலைந்துவிட்டால் சிறு பந்துகளை அளவு நாடாவாலேயே அளந்துவிடலாம்.

இரண்டாம் படி, தேவையைக் கணித்தல். சில வரிசைகள் பின்னியபின், ஊசியை ஒட்டியுள்ள நூலில் ஓர் அடையாளம் இடவேண்டும். பத்துக் கண்ணிகள் பின்னி, மீண்டும் ஊசியை ஒட்டி ஓர் அடையாளம் இடவேண்டும். பிறகு அந்தப் பத்துக் கண்ணிகளையும் பிரித்து, இரு அடையாளங்களுக்கும் இடைப்பட்ட நீளத்தை அளக்க வேண்டும். இந்நீளம் நூலுக்கும் ஊசிக்கும் பின்னுபவரின் கை இறுக்கத்துக்கும் ஏற்ப மாறுபடும். ஆகவே ஒவ்வொருவரும் தாமே அளந்துகொள்வதே சரியானது.

எடுத்துக்காட்டாக, பத்துக் கண்ணிகளுக்கு 35 செ.மீ. நூல் செல்வதாகக் கொள்வோம். கீழே கூறப்படும் பட்டை முறையில் 20 கண்ணிகள் கொண்ட 8 வரிசைகள் உள்ளன. மொத்தம் 160 கண்ணிகள், அவற்றுக்கு 5.6 மீட்டர் நூல் தேவை. தொடக்கச் சங்கிலி, நடுக்கட்டு, நூல் முனைகள் ஆகியவற்றுக்கு ஒரு மீட்டர் கூட்டினால் 6.6 மீட்டர். மேற்கூறிய 10 மீட்டர் மிச்ச நூலில் இப்பூ ஒன்றைத் தாராளமாகச் செய்யலாம். இரண்டு செய்ய இயலாது.

அடிப்படைக் கண்ணிகள்

செய்முறைகளில் கண்ணிகளின் பெயர்கள் அமெரிக்க வழக்கிலும் பிரித்தானிய வழக்கிலும் வேறுபடுகின்றன. அமெரிக்க வழக்கில் ஒற்றைக் குரோசே எனப்படுவது பிரித்தானிய வழக்கில் இரட்டைக் குரோசே எனப்படும். இந்தியாவில் இரு வகைச் செய்முறைகளும் புழங்குவதால், எந்த வழக்கு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இக்கட்டுரையில் அமெரிக்க வழக்கு பின்பற்றப்படுகிறது.

சங்கிலி: ஊசியில் உள்ள கண்ணி வழியாக நூலைக் கொக்கியால் ஒருமுறை இழுப்பது. எல்லாப் பின்னலுக்கும் இதுவே அடித்தளம்.

ஒற்றைக் குரோசே: ஊசியைக் கீழ் வரிசைக் கண்ணியில் நுழைத்து நூலை இழுக்க வேண்டும். ஊசியில் இப்போது இரண்டு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைப் பற்றி இரண்டின் வழியாகவும் இழுக்க வேண்டும்.

இரட்டைக் குரோசே: முதலில் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு, கீழ்க் கண்ணியில் நுழைத்து நூலை இழுக்க வேண்டும். ஊசியில் மூன்று கண்ணிகள் இருக்கும். நூலைப் பற்றி இரண்டின் வழியாகவும், மீண்டும் பற்றி மீதி இரண்டின் வழியாகவும் இழுக்க வேண்டும். இது ஒற்றைக் குரோசேயை விட உயரமானது.

நழுவல் கண்ணி: ஊசியை நுழைத்து நூலைப் பற்றி, கீழ்க் கண்ணி, ஊசியில் உள்ள கண்ணி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுப்பது. உயரம் சேர்க்காமல் இணைப்பதற்கு இது பயன்படும்.

செய்முறைகள்

பட்டை முறை

இதுவே மிக எளிய முறையாகும்.

1. 21 சங்கிலிகள் பின்ன வேண்டும்.
2. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொரு சங்கிலியிலும் ஓர் ஒற்றைக் குரோசே இட வேண்டும். மொத்தம் 20 கண்ணிகள் வரும்.
3. ஒரு சங்கிலி பின்னி, வேலையைத் திருப்பி, மீண்டும் 20 ஒற்றைக் குரோசே இட வேண்டும். மொத்தம் 8 வரிசைகள் வரும்வரை இவ்வாறு தொடர வேண்டும்.
4. நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியாக இழுத்து இறுக்க வேண்டும்.
5. பட்டையின் நடுவை விசிறிபோல மடித்துப் பிடித்து, தனி நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் இறுகச் சுற்றிப் பின்புறம் முடிய வேண்டும். இதுவே நடுக்கட்டு.
6. நூல் முனைகளைத் தடித்த ஊசியில் கோத்து, பின்புறக் கண்ணிகளுக்குள் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாகச் செருகி வெட்ட வேண்டும்.

நடுக்கட்டில் வேறு நிற நூலைப் பயன்படுத்தினால் ஒரு சாண் நீளமுள்ள துண்டுகளுக்கும் பயன் கிடைக்கும். சுற்று குறைவாக இருப்பின் ஒன்றிரண்டு துண்டுகளை அடுத்தடுத்துச் சுற்றலாம்.

குழாய் முறை

40 சங்கிலிகள் பின்னி, முறுக்கிக் கொள்ளாமல் பார்த்து, முதற் சங்கிலியில் நழுவல் கண்ணியால் இணைத்து வளையமாக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் 40 ஒற்றைக் குரோசே வீதம் 8 சுற்றுகள் பின்ன வேண்டும். கிடைக்கும் குழாயைத் தட்டையாக்கி நடுவில் கட்டினால், உள்ளே வெற்றிடமுள்ள இரட்டை மடிப்பு இதழ்கள் அமையும். பட்டை முறையைப் போல இதற்கு இரு மடங்கு நூல் தேவை; ஆனால் இதழ்கள் தொய்யாமல் நிற்கும்.

வளைய முறை

மிகச் சிறிய மிச்சங்களுக்கு இம்முறை ஏற்றது. நூலை விரலில் இருமுறை சுற்றி, இழுத்தால் சுருங்கும் வளையம் அமைக்க வேண்டும். வளையத்துக்குள் ஒரு நழுவல் கண்ணியால் தொடங்கி, 3 சங்கிலி, 5 இரட்டைக் குரோசே, 3 சங்கிலி பின்னி, மீண்டும் வளையத்துக்குள் ஒரு நழுவல் கண்ணி இட்டால் ஓர் இதழ் முடியும். இதே வரிசையை மீண்டும் ஒருமுறை செய்தால் எதிர்ப்புற இதழ் அமையும். வளையத்தைச் சுருக்கி, நீண்ட நூல் முனையை நடுவில் சிலமுறை சுற்றிப் பின்புறம் முடிய வேண்டும். தொங்கும் வால்கள் வேண்டுமாயின் பத்துச் சங்கிலிகள் கொண்ட இரு துண்டுகளைப் பின்புறத்தில் இணைக்கலாம்.

நிறம் மாற்றுதல்

ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முழுமையாக முடிக்காமல், அதன் இறுதி இழுப்பைப் புதிய நிற நூலால் செய்ய வேண்டும். அப்போதுதான் அடுத்த கண்ணி தொடக்கம் முதலே புதிய நிறத்தில் அமையும்.

நேரும் குறைகளும் தீர்வும்

பட்டை மேலே செல்லச் செல்லக் குறுகுதல்: வரிசையின் முதல் அல்லது கடைசிக் கண்ணி விடுபட்டிருக்கும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் 20 எண்ணிப் பார்ப்பதே தீர்வு.

அடிப்பக்கம் வளைதல்: தொடக்கச் சங்கிலி மிக இறுக்கமாக இருக்கும். சங்கிலியை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியால் பின்னலாம்.

இதழ்கள் தொய்தல்: ஊசி நூலுக்குப் பெரிதாக இருக்கலாம். சிறிய ஊசியால் நெருக்கமாகப் பின்னலாம். அல்லது குழாய் முறையைக் கையாளலாம். பருத்தி நூலாயின், சேலைக்குப் போடுவதுபோல் கஞ்சி போட்டு, வடிவத்தைச் சீராக்கி உலர்த்தினால் விறைப்பாக நிற்கும். அக்ரிலிக் பூவின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தல் கூடாது. இழை உருகும், அல்லது பழைய நிலைக்குத் திரும்பாதவாறு தொய்ந்துவிடும்.

பயன்பாடும் பாதுகாப்பும்

பூவின் பின்புறம் கிளிப்பு, ஊக்கு அல்லது ரப்பர் வளையத்தைத் தைத்துப் பொருத்தலாம். பசையால் ஒட்டுவதை விடத் தைப்பது உறுதியானது, துவைக்கவும் ஏற்றது.

கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. சரியாகச் செருகப்படாத நூல் முனை குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். மணி, பொத்தான் போன்ற சிறு பொருள்கள் கழன்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தூங்கும் குழந்தையின் தலையிலிருந்து பூக்களையும் கிளிப்புகளையும் அகற்றிவிட வேண்டும். தொட்டிலிலும் அவற்றை விட்டுவைக்கலாகாது.

இயந்திரமும் கையும்

இரட்டை ஊசிப் பின்னலை இயந்திரங்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகின்றன. பனியன்களும் காலுறைகளும் அவ்வாறு உருவாகுபவையே. ஆனால் குரோசே பின்னலைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் இயந்திரம் இதுவரை சந்தைக்கு வரவில்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசி வெவ்வேறு திசையில் நுழைந்து, முன்னரே முடிந்த பின்னலின் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பற்ற வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகர ஆய்வாளர்கள் உண்மையான குரோசே கண்ணிகளை இடும் முன்மாதிரி இயந்திரம் ஒன்றை உருவாக்கியுள்ளனர். அது ஆய்வுக்கூட முயற்சியாகும். குரோசே இயந்திரம் என்ற பெயரில் ஆலைகளில் உள்ளவை, தோற்றத்தில் அதை ஒத்த வேறு பின்னலையே செய்கின்றன.

ஆகவே கடையில் மிக மலிவாக விற்கப்படும் குரோசே பூவாயினும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் இட்டிருக்கிறார் என்பதே பொருள்.

உழைப்பும் விலையும்

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ், நரசாபுரம் சரிகைத் தொழிலாளரைப் பற்றி ஆராய்ந்து 1982 ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் இருந்தபடி உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் பெண்கள், தொழிலாளராகக் கருதப்படாமல் ஓய்வு நேரத்தில் பொழுது போக்கும் இல்லத்தரசிகளாகக் கருதப்பட்டதே அவர்களின் கூலி மிகக் குறைவாக இருந்ததற்கு முதன்மைக் காரணம் என்று அவர் வாதிட்டார். வணிகமும் ஏற்றுமதியும் பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்தன. துண்டுக் கணக்கில் கூலி வழங்கப்பட்டதால், செலவான நேரம் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

மிச்ச நூலில் செய்யப்படும் பூவிலும் இதே நிலையைக் காணலாம். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். 100 கிராம் நூலின் விலை 100 ரூபாய் எனில், 6.6 மீட்டர் நூலின் விலை ஏறத்தாழ 2 ரூபாய் 64 காசு. ஒரு பூ முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. பூவை 20 ரூபாய்க்கு விற்றால், நூல் செலவு நீங்க ஏறத்தாழ 17 ரூபாய் எஞ்சும். அதாவது ஒரு மணி நேர உழைப்புக்கு 34 ரூபாய். இடையில் ஒரு கடைக்காரர் பாதி விலையை எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 15 ரூபாய்க்கும் குறைவாகும். நூலை இலவசமாகவே பெற்றாலும் இந்நிலை பெரிதாக மாறாது. ஏனெனில் நூலின் பங்கு தொடக்கத்திலேயே மிகச் சிறியது.

மிச்ச நூலில்தானே செய்தது என்று விலையைக் குறைத்துக் கேட்பது வாங்குவோரிடம் காணப்படும் வழக்கமாகும். மேற்கண்ட கணக்கின்படி, அதனால் குறைவது நூலின் விலை அன்று. பின்னுபவரின் கூலியே ஆகும். எனவே விற்பனைக்காகச் செய்வோர், ஐந்து பூக்களைத் தொடர்ந்து செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து, சராசரி எடுத்து, தம் வட்டாரத்தில் பிற வேலைகளுக்குக் கிடைக்கும் மணிக்கூலியால் பெருக்கி, அத்துடன் நூல், கிளிப்பு ஆகியவற்றின் விலையைக் கூட்டி விலை நிர்ணயிப்பது முறையாகும். நூல் முனைகளைச் செருகும் நேரத்தையும் இதில் சேர்க்க வேண்டும். கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அந்நேரமே.

விற்பனை நோக்கமின்றி, பயிற்சிக்காகவோ அன்பளிப்பாகவோ செய்வோருக்கு இக்கணக்கு தேவைப்படாது. அவர்களுக்கு ஒரு பூ என்பது, எறியப்படவிருந்த சில மீட்டர் நூலும் அரை மணி நேரமும் ஆகும்.